2 லட்சம் கோடி ரூபாய் கொட்டியும் வீடில்லாமல் 1.8 லட்சம் பேர்... கலிபோர்னியாவில் பணம் எங்கே போச்சு?

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் ஹாலிவுட்டும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். அதே நகரத்தின் மையத்தில், வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் இருந்து நடந்து போகிற தூரத்தில், 'ஸ்கிட் ரோ' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏறக்குறைய 50 பிளாக்குகள். நடைபாதை நெடுகக் கூடாரங்கள், தார்ப்பாய்கள், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் குவித்த துணிமணிகள். அங்கே படுத்திருப்பவர்களுக்கு அதுதான் வீடு, வாசல், முகவரி எல்லாம்.

இதை மாற்றத்தான் கலிபோர்னியா மாநில அரசு 2018-19 முதல் 2022-23 வரை ஐந்து நிதியாண்டுகளில் ஏறக்குறைய 24 பில்லியன் டாலர் ஒதுக்கியது. ரூபாயில் சொன்னால் சுமார் 2 லட்சம் கோடி!

பலன்? 2018-ல் நடந்த கணக்கெடுப்பில் கலிபோர்னியாவில் வீடில்லாமல் இருந்தவர்கள் 1,29,972 பேர். 2023-ல் அந்த எண்ணிக்கை 1,81,399. பணமும் ஏறுது, எண்ணிக்கையும் ஏறுது. அப்படியென்றால் அரசு செலவு செய்வதே வீணா? அமெரிக்காவில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் சண்டை இது. இரண்டு பக்கமும் கையில் புள்ளிவிவரம் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

தணிக்கையில் சிக்கியது என்ன?

2024 ஏப்ரலில் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் ஒரு அறிக்கை வெளியிட்டார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான '24 பில்லியன் டாலர்' என்ற எண் அதிலிருந்து வந்ததுதான்.

"பணம் காணாமல் போய்விட்டது" என்று பலரும் அந்த அறிக்கையைச் சுருக்கிப் பகிர்ந்தார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. அது சொன்னது வேறு: ஒன்பது அரசுத் துறைகள், குறைந்தது 30 திட்டங்கள் வழியாக இந்தப் பணத்தைச் செலவழிக்கின்றன. இவற்றை ஒருங்கிணைத்துக் கண்காணிக்க ஒரு மாநில கவுன்சிலும் இருக்கிறது. ஆனால் 2021 ஜூன் வரைக்குமான செலவைத்தான் அந்த கவுன்சில் ஒருமுறை தொகுத்துப் பார்த்திருந்தது. அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தில் எவ்வளவு போனது, யாருக்கு வீடு கிடைத்தது, அவர் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாரா என்று தொடர்ந்து கவனிக்கவில்லை.

தணிக்கைக் குழு ஐந்து திட்டங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தது. இரண்டு திட்டங்கள் செலவுக்கேற்ற பலன் தருவதாகத் தெரிகிறது என்றது. மீதி மூன்றும் நல்ல திட்டமா, கெட்ட திட்டமா என்று சொல்லவே முடியவில்லை. போதுமான தரவு இல்லை. கூடாரங்களை அகற்றி மக்களை வேறு இடம் மாற்றும் திட்டம் அந்த மூன்றில் ஒன்று.

சான் ஹோசே, சான் டியேகோ நகரங்களின் கணக்கையும் குழு பார்த்தது. சான் ஹோசே என்றால் நம்ம ஊர் ஐ.டி. இளைஞர்கள் பலர் போய் இறங்குகிற சிலிக்கான் வேலி நகரம். உலகத்துக்கே டேட்டா விற்கிற ஊர். அந்த நகர நிர்வாகத்தாலேயே வீடற்றோருக்காக வந்த பணம் மொத்தம் எவ்வளவு, போனது எவ்வளவு என்று முழுசாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் வேடிக்கை.

அப்போ மொத்தமும் வேஸ்ட்டா?

இல்லை. தணிக்கையில் பாஸ் ஆன இரண்டு திட்டங்களைப் பார்த்தால் புரியும்.

முதலாவது 'ஹோம்கீ'. கொரோனா காலத்தில், 2020-ல், சுற்றுலாப் பயணிகள் இல்லாமல் ஹோட்டல்களும் மோட்டல்களும் காற்று வாங்கின. அவற்றை அரசே விலைக்கு வாங்கி, சின்னச் சின்ன குடியிருப்புகளாக மாற்றியது. ஒரு குடியிருப்புக்குச் சராசரியாக ஆன செலவு 1,44,000 டாலர். அதாவது சுமார் 1.2 கோடி ரூபாய். இதையே புதிதாகக் கட்டியிருந்தால் 3,80,000 முதல் 5,70,000 டாலர் வரை ஆகியிருக்கும் என்கிறது தணிக்கை.

இரண்டாவது, குழந்தைகளோடு இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை, அட்வான்ஸ் கொடுத்து உதவும் திட்டம். ஒரு குடும்பத்துக்கு 12,000 முதல் 22,000 டாலர் வரை செலவு. நீண்டகாலமாகத் தெருவில் இருக்கும் ஒரே ஒரு நபருக்காக ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, போலீஸ், சிறை என்று அரசு ஒரு வருடத்தில் செலவழிப்பது 50,000 டாலர் வரை போகிறது. வாடகை கொடுத்துவிடுவது மலிவு.

இந்தக் கணக்கு முதலில் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். தெருவில் படுத்திருப்பவருக்கு அரசு ஒன்றுமே செய்யாவிட்டால் செலவு பூஜ்யம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. அவர் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும். புண் சீழ்பிடித்தால் ஐ.சி.யூ. வரை போகும். நடைபாதையில் தகராறு என்றால் போலீஸ், நீதிமன்றம், ஜெயில். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு பில் வருகிறது. வேறு துறையின் பெயரில் வருவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஃபிளாட்டுக்கு 5 கோடியா!

இனி கெட்ட செய்தி. 2016 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் ஒரு திட்டத்துக்கு வாக்களித்தார்கள். பெயர் 'முன்மொழிவு எச்.எச்.எச்.' 1.2 பில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, வீடற்றவர்களுக்கு 10,000 குடியிருப்புகள் வரை கட்டுவது என்பது இலக்கு. வரி கூடும் என்று தெரிந்தும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. அந்த ஊர் மக்களுக்கு மனசில்லை என்று சொல்லவே முடியாது.

ஐந்து வருடம் கழித்து, 2022 பிப்ரவரியில் நகரத்தின் கணக்கு அதிகாரி ரான் கேல்பரின் வெளியிட்ட அறிக்கைப்படி, கட்டி முடித்துத் திறந்தவை 1,100 சொச்சம்தான். கட்டுமானத்தில் இருந்தவற்றின் சராசரிச் செலவு ஒரு குடியிருப்புக்கு ஏறக்குறைய 6 லட்சம் டாலர். சுமார் 5 கோடி ரூபாய். ஒரு கட்டடத்தில் இது 8,37,000 டாலர் வரை போனது. 7 கோடி ரூபாய்க்கு ஒரு ஏழைக்கு ஃபிளாட்!

தங்கத்தில் இழைத்தார்களா? இல்லை. பெரும்பாலும் ஒற்றைப் படுக்கையறை, அல்லது ஒரே அறை கொண்ட வீடுகள்தான்.

காசு எங்கே போகிறது என்றால், நகரம் கொடுக்கும் பணம் கட்டடச் செலவில் ஒரு பகுதிதான். கட்டுநர் மீதியை மாநில நிதி, மத்திய அரசின் வரிச்சலுகை, வங்கிக் கடன் என்று நாலைந்து இடங்களில் கையேந்த வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தனி விண்ணப்பம், தனி நிபந்தனை, தனிக் கடைசி தேதி. அதற்கென வக்கீல்கள், ஆலோசகர்கள். ஒருவர் பணம் தராவிட்டால் எல்லாம் நிற்கும். இதற்கு நடுவே "எங்க தெருவில் வேண்டாம்" என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போடுவார்கள். வழக்கு நடக்கும்போது நிலத்துக்கு வட்டி ஓடும். செங்கல்லும் சிமென்ட்டும் சேராத இந்த மாதிரிச் செலவுகளே மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று அதே அதிகாரியின் 2019 அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது.

ஹோம்கீ திட்டம் ஏன் மலிவாக முடிந்தது என்பதும் இங்கேதான் புரியும். கட்டடம் ஏற்கெனவே நின்றது. அவசரக்காலம் என்பதால் பல அனுமதிகளுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போடுவதற்குள் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.

207 பேர் உள்ளே... 227 பேர் வெளியே!

ஊழல், தாமதம், தரவு இல்லை என்பதையெல்லாம் தள்ளி வைத்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்கு வீடு கிடைத்தது உண்மை. பிறகு ஏன் தெருவில் கூட்டம் குறையவில்லை?

இதற்கு விடை லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியின் 2020 கணக்கெடுப்பில் இருக்கிறது. (கவுன்ட்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் அதைச் சுற்றிய பல நகரங்களும் இதற்குள் வரும்.) அந்தக் கவுன்ட்டியில் தினமும் சராசரியாக 207 பேர் தெரு வாழ்க்கையிலிருந்து மீண்டு ஒரு வீட்டுக்குள் போனார்கள். அதே நாளில் 227 பேர் புதிதாக வீட்டை இழந்தார்கள்.

ஒரு நாளைக்கு 20 பேர்தான் வித்தியாசம். வருடத்துக்கு 7,300. 2019-ல் 58,936 ஆக இருந்த எண்ணிக்கை 2020-ல் 66,436 ஆனது. கூடியது 7,500. கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது, பாருங்கள்.

அந்த 207 என்பது சாதாரண எண் கிடையாது. வருடத்துக்கு 75,000 பேர்.  ஆனால் தெருவில் நடந்து போகிறவர் கண்ணுக்கு அந்த 75,000 பேர் தெரிய மாட்டார்கள், அவர்கள்தான் வீட்டுக்குள் போய்விட்டார்களே. அவர் பார்ப்பது புதிதாக வந்து கூடாரம் போட்டவரை. "நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கு, என் வரிப்பணம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். அவர் கோபத்திலும் தப்பு சொல்ல முடியாது.

'வேலை செய்கிறதா' என்ற கேள்வியே இரண்டாகப் பிரிவது இந்த இடத்தில்தான். பணம் போய்ச் சேர்ந்த ஆளுக்கு வேலை செய்ததா? பல திட்டங்களில், ஆமாம். மொத்த எண்ணிக்கையைக் குறைத்ததா? இல்லை. குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடியில் இருந்த ஓட்டையைப் பார்க்கவில்லை.

அந்த 227 பேர் யார்?

"எல்லாம் போதைப் பழக்கம்", "வெயில் நல்லா அடிக்குதுன்னு வேற மாநிலத்துக்காரங்க இங்கே வந்துடறாங்க". கலிபோர்னியாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டாக்டர் மார்கோ குஷெல் தலைமையில், வீடற்ற 3,200 பேரிடம் விவரம் கேட்டு 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். 90 சதவீதம் பேர் கடைசியாகக் குடியிருந்தது கலிபோர்னியாவிலேயேதான். நான்கில் மூன்று பேர் வீட்டை இழந்த அதே கவுன்ட்டியில்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, வெளியூர்க் கதை நிற்காது.

வீட்டை இழப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவர்கள் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் 960 டாலர். ரூபாயில் 80,000 என்றதும் "அட, நல்ல சம்பளம்தானே" என்று தோன்றலாம். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகையே 1,500 டாலரைத் தாண்டும். வருமானத்தை விட வாடகை அதிகம். ஒரு மாதம் வேலை போனால், ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தால் கதை முடிந்தது.

ஆய்வில் வந்த இன்னொரு தகவல் இன்னும் சங்கடமானது. தங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கு, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தெரிந்ததிலிருந்து கிடைத்த அவகாசம் சுமார் 10 நாள். சொந்தக்காரர், நண்பர் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தவர்களுக்கு ஒரே ஒரு நாள். எந்த அரசு அலுவலகத்தில் ஒரு நாளில் மனு கொடுத்து உதவி வாங்க முடியும்?

மாதம் 300 முதல் 500 டாலர் வாடகை உதவி கிடைத்திருந்தால் தெருவுக்கு வந்திருக்க மாட்டோம் என்றவர்கள் 70 சதவீதம் பேர்.

போதைப் பிரச்சினை இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. அதே ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மெத் எனப்படும் மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளை வழக்கமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சிலர் போதையால் தெருவுக்கு வந்தார்கள். சிலர் தெருவுக்கு வந்தபின் போதைக்குப் போனார்கள். ராத்திரி தூங்கினால் செருப்பு முதற்கொண்டு திருட்டுப் போகும் என்பதால் விழித்திருக்க மெத் எடுப்பவர்களும் உண்டு.

ஆனால் போதையை மட்டும் காரணமாகச் சொன்னால் ஒரு கணக்கு இடிக்கும். அமெரிக்காவில் அளவுக்கு மீறிய போதையால் இறப்பவர்கள் விகிதத்தில் பல வருடங்களாக உச்சத்தில் இருக்கும் மாநிலம் மேற்கு வர்ஜீனியா. அங்கே வீடற்றவர்கள் விகிதம் குறைவு. காரணம் சிம்பிள்: அங்கே வாடகை மலிவு. போதைப் பழக்கம் உள்ளவரும் ஒரு கூரைக்குக் கீழேதான் இருக்கிறார். இடைநிலை வாடகை 100 டாலர் கூடினால் வீடற்றவர் விகிதம் 9 சதவீதம் கூடுவதோடு தொடர்பு தெரிகிறது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2020-ல் சொன்னது.

'முதலில் வீடு' என்றால் என்ன?

கலிபோர்னியா செலவழித்த பணத்தின் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. பெயர் 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்'. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு.

பழைய முறை படிக்கட்டு மாதிரி. குடியை நிறுத்து, போதையை விடு, மருந்து சாப்பிடு, ஒழுங்காக நடந்துகொள். எல்லாவற்றிலும் பாஸ் ஆனால் வீடு தருகிறோம். பெரும்பாலானவர்கள் நடுப்படியிலேயே விழுந்தார்கள். 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். முதலில் சாவியைக் கையில் கொடு, பிறகு சிகிச்சை பற்றிப் பேசலாம். 2016-ல் கலிபோர்னியா சட்டம் போட்டே தன் எல்லாத் திட்டங்களுக்கும் இதை விதியாக்கியது.

இது பலன் தருகிறதா என்று பார்க்க, கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு நேரடியாக வீடு, இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான உதவிகள். கடைசி ஆறு மாதங்களில் முழுநேரமும் வீட்டிலேயே இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், இரண்டாவதில் 31. சரியாக இரண்டு மடங்கு.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. போதைப் பழக்கத்தைப் பொறுத்தவரை இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹவுசிங் ஃபர்ஸ்ட்டை எதிர்ப்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வீடு கொடுத்தால் வீடு இல்லாத பிரச்சினை தீர்கிறது. மற்ற பிரச்சினைகளும் தானாகத் தீரும் என்று யாராவது வாக்குக் கொடுத்திருந்தால் அது மிகைதான்.

எங்கேயாவது குறைஞ்சிருக்கா?

குறைந்திருக்கிறது. அதுவும் அமெரிக்காவுக்குள்ளேயே.

டெக்சாஸின் ஹூஸ்டன் நகரம். 2011-லிருந்து பார்த்தால் அங்கே வீடற்றவர்கள் எண்ணிக்கை 60 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருக்கிறது. அதே ஹவுசிங் ஃபர்ஸ்ட் கொள்கைதான். வித்தியாசம் இரண்டு. முதலாவது, 100-க்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே பட்டியல், ஒரே தரவுத்தளம் வைத்து வேலை செய்கின்றன. யார் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார், எந்த வீடு காலி என்பது ஒரே இடத்தில் தெரியும். இரண்டாவது, ஹூஸ்டனில் வீடு மலிவு. கட்டுப்பாடுகள் குறைவு என்பதால் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எனவே புதிதாக 5 கோடிக்கு ஃபிளாட் கட்டத் தேவையில்லை. காலியாக இருக்கும் சாதாரண அபார்ட்மென்ட்டுக்கு அரசு வாடகை கொடுத்தால் போதும்.

இன்னொரு உதாரணம் முன்னாள் ராணுவத்தினர். 2010-ல் அமெரிக்கா முழுக்க வீடில்லாமல் இருந்த முன்னாள் ராணுவத்தினர் 74,000-க்கும் மேல். 2024-ல் 32,882. நாடு முழுக்க மொத்த எண்ணிக்கை உச்சத்துக்குப் போன அதே 2024-ல் இவர்களுடையது பாதிக்கும் கீழே. என்ன மாயம்? ஒரு துறை வாடகை வவுச்சர் தருகிறது, இன்னொரு துறை மருத்துவமும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஊழியரும் தருகிறது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வவுச்சர்கள் இப்படிப் போயிருக்கின்றன. மற்ற ஏழைகள் விஷயத்தில், வாடகை உதவிக்குத் தகுதி உள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மீதி மூன்றும் வெயிட்டிங் லிஸ்ட்.

கடல் தாண்டிப் போனால் பின்லாந்து. 1980-களின் இறுதியில் அங்கே 20,000 பேருக்கு மேல் வீடில்லை. 2023-ல் 3,429. தலைநகர் ஹெல்சின்கியில் இரவுத் தங்குமிடங்களையே மூடி, அந்தக் கட்டடங்களை வாடகை வீடுகளாக மாற்றினார்கள். நகர நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சியிடமே இருப்பதால் மலிவு வீடு கட்ட இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் 2024-ல் அங்கேயும் எண்ணிக்கை 3,806 ஆக ஏறிவிட்டது. பல வருடம் இறங்கிய கோடு மேலே திரும்பியது வீட்டு வாடகை மானியங்களில் அரசு கைவைத்த காலத்தில்.

நியூயார்க் வேறு வழியில் போனது. 1981-ல் நீதிமன்றத்தில் எட்டப்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, கேட்டு வருகிறவர்களுக்குத் தங்குமிடம் கொடுப்பது அங்கே நகர நிர்வாகத்தின் கடமை. அதனால் அங்கே பெரும்பாலானோர் கூரைக்குக் கீழே. கலிபோர்னியாவில் மூன்றில் இரண்டு பேர் வானத்துக்குக் கீழே. ஆனால் தங்குமிடத்தில் இருப்பவருக்கும் சொந்தமாக வீடு இல்லை. நியூயார்க்கின் பில் வருடா வருடம் தொடர்கிறது.

பணத்தைக் கையிலேயே கொடுத்துட்டா என்ன?

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் கமென்ட்டில் தவறாமல் வரும் கேள்வி. 24 பில்லியனை ஐந்து வருடத்துக்கும் 1,81,399 பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு வருடம் சுமார் 26,000 டாலர். கையில் கொடுத்தாலே வாடகை கட்டிவிடுவார்களே?

வகுத்தல் சரி, ஆனால் எண் தவறு. 1,81,399 என்பது ஜனவரி மாதத்தில் ஒரு இரவில் எடுக்கும் கணக்கு. தன்னார்வலர்கள் டார்ச் லைட்டோடு தெருத்தெருவாகப் போய்க் கூடாரத்தையும் காரில் தூங்குபவரையும் எண்ணுவது. ஒரு வருடத்தில் தெருவுக்கு வந்து போகிறவர்கள் அதைவிட நிறைய. கலிபோர்னியாவில் வருடத்துக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தச் சேவைகளை நாடுகிறார்கள். தவிர, அந்த 24 பில்லியனில் மலிவு வீடு கட்டும் பணமும், இன்னும் வீட்டை இழக்காதவர்களுக்குப் போகும் வாடகை உதவியும் அடக்கம்.

ஆனாலும் யோசனையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கனடாவின் வான்கூவரில் 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடா டாலர் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான முடிவுப்படி, ஒரு வருடத்தில் அவர்கள் தெருவிலும் தங்குமிடத்திலும் கழித்த நாட்கள், பணம் கிடைக்காதவர்களை விட 99 குறைவு. மது, போதைக்கான செலவு கூடவில்லை. ஆனால் கடுமையான போதைப் பழக்கமோ மனநலப் பிரச்சினையோ உள்ளவர்களை முதலிலேயே சோதனையில் சேர்க்கவில்லை. சமீபத்தில் வீட்டை இழந்த, கொஞ்சம் கைகொடுத்தால் எழுந்துவிடக்கூடிய ஆளுக்கு இது பொருந்தும். ஸ்கிட் ரோவில் பத்து வருடமாகப் படுத்திருக்கும் முதியவருக்கு இது மட்டும் போதாது.

இப்போ என்ன நடக்குது?

2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டி மக்கள் மறுபடியும் வரி கட்ட ஒப்புக்கொண்டார்கள். இதற்காகவே இருந்த கால் சதவீத விற்பனை வரி அரை சதவீதமானது. நான்கே மாதத்தில், 2025 மார்ச்சில், மத்திய நீதிபதி டேவிட் கார்ட்டர் முன்னிலையில் நடக்கும் வழக்குக்காக ஒரு தனியார் நிறுவனம் செய்த தணிக்கை வெளியானது. நகரம் வழியாகப் போன சுமார் 2.3 பில்லியன் டாலரின் பலனைச் சரியாகத் தடம் பிடிக்க முடியவில்லை என்றது அது. மறு மாதமே, 1993 முதல் இந்த வேலையைக் கவனித்து வந்த கூட்டு ஆணையத்திடமிருந்து 300 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட நிதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தனித் துறையே தொடங்கக் கவுன்ட்டி முடிவு செய்தது.

இன்னொரு பக்கம் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. பொது இடத்தில் தூங்குபவர்களுக்கு அபராதம் விதிக்க நகரங்களுக்கு உரிமை உண்டு என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கூடாரங்களை அகற்றச் சொல்லி ஆளுநர் கவின் நியூசம் உத்தரவு போட்டார். இதே நியூசம்தான் 2004-ல் சான் பிரான்சிஸ்கோ மேயராக இருந்தபோது, நீண்டகாலமாகத் தெருவில் இருப்போர் பிரச்சினையைப் பத்து வருடத்தில் முடிப்பதாகத் திட்டம் அறிவித்தவர். 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப், ஹவுசிங் ஃபர்ஸ்ட்டுக்கு மத்திய அரசு கொடுக்கும் ஆதரவை நிறுத்த உத்தரவிட்டார். பழைய படிக்கட்டு முறை திரும்பி வருகிறது.

இதற்கு நடுவில் ஒரு சின்ன மாற்றம் நடந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியில் 2023-ல் 75,518 ஆக இருந்த எண்ணிக்கை 2024-ல் 75,312, 2025-ல் 72,308 என்று தொடர்ந்து இரண்டு வருடம் இறங்கியது. மேயர் கேரன் பாஸ் அணியினர் இது தங்கள் மோட்டல் திட்டத்தின் வெற்றி என்கிறார்கள். எண்ணியதே சரியில்லை, தெருவில் பலர் விடுபட்டுப் போகிறார்கள் என்று 'ரேண்ட்' ஆய்வு நிறுவனம் சொல்கிறது.

ஓட்டையை அடைக்கும் வேலை, அதாவது வீடு கட்டுவது, இப்போதுதான் வேகம் பிடிக்கிறது. 2030-க்குள் கலிபோர்னியாவுக்கு 25 லட்சம் புது வீடுகள் வேண்டும் என்பது மாநில அரசின் சொந்த மதிப்பீடு. வருடத்துக்குக் கட்டப்படுவது சுமார் 1 லட்சம். சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி நகரக் குடியிருப்புத் திட்டங்களை வழக்கில் இழுத்தடிக்க முடியாதபடி 2025 ஜூனிலும், ரயில் நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் கட்ட நகரங்கள் தடை போட முடியாதபடி அக்டோபரிலும் சட்டங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன. இரண்டாவது சட்டத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றமே எதிர்த்து வாக்களித்தது.